நொய்யரிசியும் மரபணுச் சோதனையும்

தொண்டை நாட்டுப் பேரேரிகளுள் ஒன்று தென்னேரி. அதன் பழம்பெயர் திரையனேரி என்றும், தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அஃது அமைந்ததென்றும் அறிஞர் கூறுவர். அவ்வேரி நீரால் நெல் விளைகின்றது. அதற்கு அணித்தாய காஞ்சி மாநகரிலோ பட்டு நெய்யப்படுகின்றது. பட்டு வாங்குவார் சரிகையைச் சிறிது சுரண்டி, உள்ளே சிவந்த பட்டிழை தோன்றுகின்றதா என நோக்கி, அதன் மெய்ம்மையை ஒருவாறு உணர்வர். அரிசி வாங்குவார் அதனை உள்ளங்கையிலிட்டு நிறம் பார்ப்பர், மோந்து பார்ப்பர், இரண்டொரு மணியை வாயிலிட்டுக் கடித்தும் பார்ப்பர். ஆனால் கண், மூக்கு, நா என்னும் பொறிகளுக்கு எட்டாத வேறுபாடொன்று அரிசியில் இருக்குமாயின், அதனை எவ்வாறு அறிவது? அவ்வரிசி மாவாகி, மாவு பண்டமாகி, பண்டம் வெந்தும் பொரிந்தும் உருமாறிய பின்னர் எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு இக்காலத்து விஞ்ஞானம் தரும் விடையை நம் கல்லூரி அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்த நொய்

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டார், ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு எச்சரிக்கை முறையின் வாயிலாக ஓர் அறிவிப்பு விடுத்தனர். இந்தியாவிலிருந்து சென்ற ஏறக்குறைய 500 டன் நொய்யரிசியை அரைத்தெடுத்த மாவில், அவ்வொன்றியத்தில் அனுமதி பெறாத மரபணு மாற்ற நெல்லின் அடையாளம் காணப்பட்டது என்பதே அதன் சாரம். அதற்குள் மாவு பல நாடுகளுக்கும் பிரிந்து சென்று, பலவகைப் பண்டங்களிற் சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மார்ஸ் நிறுவனத்தார், எம் அண்டு எம்ஸ் கிரிஸ்பி என்னும் தம் மிட்டாய்ப் பொதிகள் சிலவற்றை ஐரோப்பியச் சந்தையினின்றும் திரும்பப் பெற்றனர். அம்மிட்டாயின் சாக்கலேட்டு உறையினுள்ளே இருப்பது அரிசிப் பொரியன்றோ!

இந்திய வணிக அமைச்சகத்தார் அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இதனை மறுத்துரைத்தனர். இந்நாட்டில் மரபணு மாற்ற நெல் எதுவும் வணிக முறையிற் பயிரிடப்படுவதில்லை என்றும், கலப்பு ஐரோப்பாவிலேயே நேர்ந்திருத்தல் கூடும் என்றும் அவர் கூறினர். ஒருபால் சோதனைச்சாலையின் முடிவு. மற்றொருபால் ஓர் அரசின் கூற்று. இவற்றுள் எதனை ஏற்பது? இரண்டும் ஒருங்கே மெய்யாதலும் கூடுமோ? சோதனை எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அது சொல்ல வல்லது யாது, வல்லாதது யாது என்பதையும் அறிந்தாலன்றி இதற்கு விடை கூறல் இயலாது.

மரபணு மாற்றம் என்பது யாது?

நெல்லின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் மிக நுண்ணிய இழை உண்டு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட பெருநூல் ஒன்றனை அதற்கு ஒப்பிடலாம். நெல்லின் நூலில் ஏறக்குறைய 40 கோடி எழுத்துகள் உள்ளன. இன்ன புரதத்தை ஆக்குக என்று பணிக்கும் ஒரு பகுதியே மரபணு எனப்படும். வேறோர் உயிரின் மரபணுவை எடுத்து இந்நூலினுள் இடைச்செருகலாகப் புகுத்துவதே மரபணு மாற்றம். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிரின் மரபணுவைப் பருத்தியிற் புகுத்தினர். அப்பருத்தி தன்னைத் தாக்கும் காய்ப்புழுவிற்கு நஞ்சாகும் புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. பி.டி. பருத்தி என வழங்குவது இதுவே.

புகுத்தப்படும் மரபணு தனித்து இயங்குவதில்லை. 'இங்கே தொடங்குக' என்னும் குறியொன்று அதற்கு முன்னும், 'இங்கே நிறுத்துக' என்னும் குறியொன்று அதற்குப் பின்னும் வேண்டும். தொடக்கக் குறியைப் பெரும்பாலும் காலிஃபிளவர் மொசைக் வைரஸ் என்னும் நச்சுயிரினின்றும் எடுப்பர். இது 35எஸ் எனப்படும். முடிவுக் குறியை அக்ரோபாக்டீரியம் என்னும் மண் நுண்ணுயிரினின்றும் எடுப்பர். இது நாஸ் எனப்படும். பயிர்கள் பலவாயினும் இவ்விரு குறிகளும் அவற்றுட் பலவற்றிற்குப் பொதுவாதலை ஈண்டு நினைவிற் கொள்க. சோதனையாளர்க்கு இது பெருந்துணையாவது பின்னர்ப் புலனாகும்.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கப்பட்டது. பி.டி. கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. மரபணு மாற்றக் கடுகிற்கு 2022 அக்டோபரில் நிபந்தனையுடன் இசைவு கிடைத்தது. அதுபற்றிய வழக்கில் 2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்ட தீர்ப்பளித்தனர். அயல் மரபணு புகுத்திய நெல்லோ ஆய்வு வயல்களைக் கடந்து வந்ததில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், விதிமுறைக்கு உட்பட்டாலன்றி மரபணு மாற்ற உணவை ஆக்குதல், விற்றல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றைத் தடை செய்கின்றது. சட்டம் இருப்பினும், பொருளைக் கண்டறியும் வழி இல்லையேல் அச்சட்டம் ஏட்டளவினதேயாகும்.

டி.என்.ஏ.வைத் தேடுவது ஏன்?

வயலில் நிற்கும் இலையையோ பச்சை விதையையோ சோதிப்பது எளிது. புதிய மரபணு ஆக்கும் புரதத்தை உணரவல்ல தாள்துண்டு ஒன்று போதும். நாகபுரியிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார் பி.டி. பருத்தியை அறிதற்கு இத்தகைய கருவிகளை ஆக்கி அளித்துள்ளனர். ஆனால் புரதம் வெப்பத்திற்கு ஆற்றாது. முட்டையின் வெண்கரு வேகும்போது உருமாறுதல் போலத் தன் வடிவை இழந்துவிடும். வடிவு இழந்த புரதத்தைத் தாள்துண்டு அடையாளம் காணாது. டி.என்.ஏ.வோ அத்துணை விரைவில் அழிவதன்று. வெப்பத்தால் அறுந்து துண்டுபடுமெனினும், எழுத்துகள் அழியாத சிறு துண்டுகள் எஞ்சி நிற்கும். கிழிந்த ஏட்டில் ஒரு வரி எஞ்சினும் அது இன்ன நூலினது என்று வல்லார் கூறுதல் போல, நூறு எழுத்துகள் கொண்ட துண்டொன்று கிடைப்பினும் சோதனையாளர்க்குப் போதும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்திற்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்த ஸ்டார்லிங்க் என்னும் மக்காச்சோளம், மக்கள் உண்ணும் சோள அப்பத் தகடுகளிற் கலந்திருந்தமை இம்முறையாலேயே வெளிப்பட்டது.

பிரித்தெடுத்தலும் பெருக்கலும்

முதற்கண் பண்டத்தை நன்கு பொடி செய்வர். பின்னர்ச் சவர்க்காரத்தை ஒத்த இரசாயனப் பொருளொன்றைச் சேர்த்து வெதுவெதுப்பாக வைப்பர். உயிரணுவின் உறை கரைந்து உள்ளிருப்பன வெளிப்படும். கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் படிப்படியாக நீக்கி, எஞ்சிய தெளிவில் சாராயத்தைச் சேர்ப்பின் டி.என்.ஏ. வெண்மையாகத் திரண்டு பிரியும். மிளகாய், மஞ்சள், புளி முதலியன சேர்ந்த பண்டமாயின் இவ்வேலை கடினமாம். அவற்றின் சில கூறுகள் உடன்வந்து அடுத்த வினையைத் தடுத்துவிடும்.

இவ்வாறு கிடைக்கும் டி.என்.ஏ. மிகச் சிறிதளவே. அதனுள் நாம் தேடும் துண்டோ அதனினும் அரிது. ஆதலின் அத்துண்டை மட்டும் பெருக்குதல் வேண்டும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்க இரசாயன அறிஞர் கேரி மல்லிஸ். 1983இல் அவர் எண்ணிய பாலிமரேஸ் தொடர்வினை, சுருக்கமாகப் பி.சி.ஆர்., அவருக்கு 1993இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது.

அதன் முறை வருமாறு. டி.என்.ஏ. இரட்டை இழையாலாயது. அதனை 95 பாகை வெப்பத்திற்கு உயர்த்தின் இழைகள் இரண்டும் பிரியும். பின்னர் ஏறக்குறைய 60 பாகைக்குத் தணிப்பின், நாம் முன்னரே செய்து இட்ட சிறு தொடக்கத் துண்டுகள், தமக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிச் சென்று ஒட்டும். பொருந்தும் இடம் இல்லையேல் ஒட்டா. மூன்றாவதாக 72 பாகையில் நொதியொன்று அத்தொடக்கத்தினின்றும் புதிய இழையை வளர்க்கும். இவ்வளவில் ஒரு சுற்று முடிந்தது. ஒரு துண்டு இரண்டாயிற்று. பத்துச் சுற்றில் 1,024. முப்பது சுற்றில் 107 கோடிக்கு மேல். இரண்டு மணி நேரத்திற்குள் இஃது முற்றும்.

95 பாகையில் எந்நொதியும் கெட்டழியுமன்றோ எனின், இதற்குப் பயன்படுவது வேறு வகையினது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை 1960-களில் கண்டறிந்தனர். வெந்நீரில் வாழ்வதற்கேற்ற அதன் நொதியே இவ்வினையின் உயிர்நிலையாய் அமைந்தது. பயன் கருதாது வெந்நீரூற்றை ஆராய்ந்தவர் உழைப்பு, பிற்காலத்து உணவுச் சோதனைக்குக் கைகொடுத்தமை மாணவர் சிந்தித்தற்குரியது.

மூவகைத் தேடல்

சோதனையாளர் முதலில் தேடுவது நெல்லுக்கே உரிய ஒரு மரபணுவை. அது கிடைத்தால், மாவினின்றும் டி.என்.ஏ. நன்கு பிரிந்து வந்தது என்பதும், வினை தடையின்றி நிகழ்ந்தது என்பதும் உறுதியாம். அது கிடையாவிடின் மேற்கொண்டு எது கூறினும் பயனில்லை.

இரண்டாவதாக 35எஸ், நாஸ் முதலிய பொதுக் குறிகளைத் தேடுவர். இவை தோன்றின் மாற்றப் பயிர் கலந்திருக்கலாம் என்னும் ஐயம் எழும். ஐயம் என்றதன்றித் துணிபு என்றதில்லை. என்னை? 35எஸ் குறிக்கு உரிய நச்சுயிர் காலிஃபிளவர், முட்டைக்கோசு, கடுகு முதலிய செடிகளைத் தாக்கும் நோய்க்கிருமியே யாதலின், நோயுற்ற கோசு சேர்ந்த உணவிலும் அக்குறி தோன்றும். ஆதலின் அந்நச்சுயிரின் வேறு பகுதிகளும் உளவா என்று தனியே ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது தேடலே துணிபு தருவது. புகுத்தப்பட்ட மரபணு பயிரின் சொந்த டி.என்.ஏ.வோடு இணையும் பொருத்துவாயைத் தேடுவது அது. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனியே கொண்டு, இரண்டையும் கோர்வையால் இணைப்பதை நாம் அறிவோம். உடலும் கரையும் பல புடைவைகளுக்கு ஒத்திருப்பினும், அக்கோர்வையை நோக்கி நெய்த முறையை அறிவர் வல்லார். அதுபோலவே ஒரே மரபணுவைப் பலர் பல பயிர்களிற் புகுத்தினும், அது சென்று பதிந்த இடம் ஒவ்வொன்றிலும் வேறு. அவ்விடத்தின் இருபுறத்து எழுத்துகளையும் ஒருங்கே காணின், இன்னாரால் ஆக்கப்பட்ட இன்ன வகை இது எனச் சுட்டிக் கூறலாம். ஆனால் இதற்கு அவ்வகையின் பொருத்துவாய் முன்னரே பதிவாகி இருத்தல் வேண்டும். அனுமதி கேளாது ஆய்வு நிலையிலேயே நின்றுபோன வகையாயின், அதன் பதிவு சோதனையாளர் கையில் இராது. அந்நிலையில் பொதுக் குறிகளைக் கொண்டே ஐயத்தை எழுப்பி, பின்னர் எழுத்துகளை நேரே படித்து ஆராய்தல் வேண்டியதாகும்.

அளவும் மாதிரியும்

உண்டா இல்லையா என்பதோடு எவ்வளவு உண்டு என்பதும் கேட்கப்படும். பெருகும் துண்டுகளோடு ஒளிவிடும் சாயமொன்றைச் சேர்த்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒளியை அளப்பர். ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகள் இரட்டிப்பதால், ஆயிரத்தில் ஒரு பங்காக உள்ள பொருளின் ஒளி, முழுமையாக உள்ள பொருளின் ஒளிக்கு ஏறக்குறையப் பத்துச் சுற்றுப் பின்தங்கித் தோன்றும். இவ்வேறுபாட்டைக் கொண்டு பங்கைக் கணிப்பர். நல்ல நிலையில் 0.1 விழுக்காடு வரை இம்முறை உணரவல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்ற வகை தற்செயலாக 0.9 விழுக்காட்டிற்கு உட்பட்டுக் கலந்திருப்பின் உறையிற் குறிக்க வேண்டுவதில்லை; அனுமதி பெறாத வகையாயின் உணவில் அணுவளவும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியாகும் 24 உணவுப் பயிர்களுக்கு மரபணு மாற்றம் இன்மைச் சான்றை 2021 மார்ச்சு முதல் வேண்டுகின்றது. தற்செயற் கலப்பு ஒரு விழுக்காடு வரை பொறுக்கப்படும்.

கருவி எத்துணை நுண்ணியதாயினும், அதனுள் இடும் மாதிரி பிழைபடின் முடிவும் பிழைபடும். ஆயிரம் மணிக்கு ஒரு மணி வீதம் வேற்றரிசி கலந்துள்ளதெனக் கொள்வோம். நூறு மணிகளை எடுத்துச் சோதிப்பின், அவற்றுள் வேற்று மணி ஒன்றேனும் அகப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்றே. மூவாயிரம் மணிகளை எடுப்பின் அவ்வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாகும். மூவாயிரம் மணி என்பது ஏறக்குறைய அறுபது கிராம். ஒரு கைப்பிடி அளவே. ஆனால் அக்கைப்பிடி ஒரே மூட்டையின் வாயிலிருந்து அள்ளியதாயின் பயனில்லை. 500 டன்னில் கலப்பு எங்கும் சீராகப் பரந்திராது. மேல், நடு, அடி எனப் பல மூட்டைகளிற் குத்தூசி செலுத்தி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதனினின்றும் பிரித்தல் வேண்டும். மண்டிக்காரர் நெடுங்காலமாகக் கையாளும் இவ்வொழுங்கு, புதுமைச் சோதனைச்சாலைக்கும் இன்றியமையாதது.

'காணப்படவில்லை' என்பதன் பொருள்

சோதனையின் முடிவைப் படிப்போர் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தேதான். 'காணப்படவில்லை' என்பது 'இல்லை' என்பதாகாது. சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். சாறு பன்முறை காய்ச்சி வடிக்கப்பட்டுத் தூய படிகமாகும்போது டி.என்.ஏ. அறவே நீங்கிவிடும். கரும்பு, கிழங்கு எதினின்றும் வந்ததாயினும், அது மாற்றப் பயிரா என்பதைச் சர்க்கரை சொல்லாது. நன்கு தூய்மை செய்த எண்ணெயிலும் எஞ்சுவது மிகச் சிறிதே. புளிப்பும் வெப்பமும் சேர்ந்த பண்டங்களில் இழைகள் மிகச் சிறிதாக அறுந்துவிடும். இவற்றிலெல்லாம் நெல்லுக்கோ பருத்திக்கோ உரிய சொந்த மரபணுவே கிடைக்காதாயின், சோதனையாளர் 'கூற இயலாது' என்று எழுதுதலே முறை.

இங்ஙனமே 'காணப்பட்டது' என்பதற்கும் எல்லை உண்டு. குழாயினுள் அப்பொருள் இருந்தது என்பதே அதன் பொருள். எவ்விடத்தில், எப்பொழுது, எவரால் கலந்தது என்பதைக் குழாய் கூறாது. வயலிலா, களத்திலா, ஆலையிலா, கப்பலிலா, அயல்நாட்டு மாவரைவைச் சாலையிலா, சோதனைச்சாலையின் மேசைமேலா? ஒரு துண்டு நூறு கோடியாகப் பெருகும் இடமாதலின், முந்தைய சோதனையின் நுண்டுளி ஒன்று பறந்து வந்து விழினும் பொய்ம்முடிவு பிறக்கும். இதனைத் தடுத்தற்காகவே பிரித்தெடுக்கும் அறை வேறு, பெருக்கும் அறை வேறாக அமைத்து, வெறும் நீர் மட்டும் இட்ட குழாயொன்றையும் உடன்வைப்பர். அந்நீர்க் குழாயில் ஒளி தோன்றின் அன்றைய சோதனை முழுதும் தள்ளுபடியாகும்.

இனி நொய்யரிசி வழக்கை மீண்டும் நோக்குவோம். மாவில் மாற்ற நெல்லின் அடையாளம் இருந்தது என்பதும், இந்தியாவில் அத்தகைய நெல் வணிக முறையிற் பயிராவதில்லை என்பதும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. இடைவழியில் எங்கு நேர்ந்தது என்பதை அறிய, ஒவ்வொரு கைமாற்றத்திலும் மாதிரி எடுத்து முத்திரையிட்டுச் சேமித்திருத்தல் வேண்டும். ஏற்றுமதிக்கு முன் எடுத்த மாதிரியொன்று காப்பில் இருப்பின், அது ஆயிரம் மறுப்புரைகளினும் வலிது.

நம் நாட்டில் நிகழ்ந்த ஆய்வு

2018ஆம் ஆண்டு ஜூலையில், புது தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் வாங்கிய 65 உணவுப் பொருள்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. அவற்றுள் 35 இறக்குமதியானவை. 30 உள்நாட்டில் ஆக்கப்பட்டவை. 21 பொருள்களில் மரபணு மாற்ற அடையாளம் காணப்பட்டது; அவற்றுள் 16 இறக்குமதிப் பொருள்கள். எஞ்சிய ஐந்தும் பருத்திக்கொட்டை எண்ணெய். பொட்டல உணவில் மரபணு மாற்றம் உண்டாயின் உறையிற் குறிக்க வேண்டும் என்னும் விதி 2013 ஜனவரி முதலே நடைமுறைக்கு வந்ததாயினும், அப்பொருள்கள் பலவற்றின் உறையில் அச்செய்தி இல்லை. உடையாகும் பயிர் என்று பருத்திக்கு அனுமதி தந்தோம். அதன் கொட்டை எண்ணெயாகி அடுப்பங்கரைக்கு வந்ததை எண்ணினோம் அல்லோம்.

எவர்க்கு என்ன பயன்?

இஃது உண்பார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. உழவர்க்கும் பெரிதும் உரியது. 2006 ஆகஸ்டில் அமெரிக்க நீள்மணி அரிசியில் எல்.எல். 601 என்னும், அனுமதி பெறாத மாற்ற நெல்லின் சுவடு காணப்பட்டது. அந்நெல்லின் வயல் ஆய்வு 2001ஆம் ஆண்டோடு முடிந்திருந்தது. ஐந்து ஆண்டுகட்குப் பின் சுவடு தலைகாட்டிற்று. அயல்நாடுகள் வாங்க மறுத்தன, விலை வீழ்ந்தது. பேயர் நிறுவனத்தார் 2011இல், ஏறக்குறைய 11,000 உழவர்க்கு 75 கோடி டாலர் வரை ஈடு தர இசைந்தனர். அவ்வுழவருட் பெரும்பாலார் அந்நெல்லை விதைத்தவரல்லர், கண்டவருமல்லர். தென்னேரிப் பாசனத்தில் நெல் விளைக்கும் குடியானவர்க்கும் இத்தகைய இழுக்கு வரின், 'யாம் விதைத்ததில்லை' என்னும் வாய்மொழி கடல் கடந்து செல்லாது. அண்மையில் நம்பத்தகுந்த சோதனைச்சாலையும், எளிதிற் கிடைக்கும் சான்றும் அவர்க்கு அரணாம்.

இன்னும் ஒன்று. 2025 மே மாதத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், மரபணுத் திருத்தம் செய்த நெல் வகைகள் இரண்டனை அறிவித்தது. கமலா என்னும் வகை சாம்பா மசூரியினின்றும், பூசா டி.எஸ்.டி. நெல் 1 என்பது எம்.டி.யு. 1010 என்னும் வகையினின்றும் ஆக்கப்பட்டவை. இவற்றில் அயல் மரபணு இல்லை. நெல்லின் சொந்த எழுத்துகளிலேயே சில திருத்தப்பட்டுள்ளன. ஆதலின் 35எஸ், நாஸ் ஆகிய குறிகளைத் தேடும் சோதனை இவற்றின்முன் வாய்திறவாது. திருத்தப்பட்ட இடத்தை முன்னரே அறிந்து நேரே படித்தாலன்றி இவற்றைப் பிரித்தறிதல் அரிது. அறிந்தபோதும், அம்மாற்றம் இயற்கையில் நேர்ந்ததா மனிதன் செய்ததா என்பதை எழுத்து மட்டும் கூறாது. எனவே பயிரை ஆக்குவோர் அதன் அடையாளத்தை வெளிப்படையாகப் பதிவு செய்தல், கருவியினும் முதன்மை பெறுகின்றது.

மரபணு மாற்ற உணவு நன்றா தீதா என்பது வேறு வழக்கு. அதற்கு விடை காண உணவியல், மருத்துவம், சூழலியல் முதலிய துறைகளின் நெடிய ஆய்வு வேண்டும். பி.சி.ஆர். குழாய் அவ்வழக்கில் தீர்ப்பளிப்பதில்லை. சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சொல்லும் சோதனை, புடைவை அழகியதா என்று சொல்லாததுபோல. ஆயினும் வெள்ளி எவ்வளவு என்பதை வாங்குவார் அறிந்துகொள்ளுதல் நேர்மையான வாணிகத்திற்கு அடிப்படை. உண்ணும் பொருள் இன்னது என்பதை அறிதலும் அவ்வாறே. ஏற்பதும் மறுப்பதும் அறிந்தபின் செய்யத்தக்கன.

நம் கல்லூரியில் தாவரவியலும் இரசாயனமும் பயிலும் மாணவர், இத்துறையில் ஈடுபடுவாராயின், ஒளி தோன்றும் குழாயைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, வெறும் நீர் இட்ட குழாயையும் ஒவ்வொரு முறையும் உற்று நோக்கும் வழக்கத்தை மேற்கொள்வாராக. மாதிரி எடுத்தலில் கைந்நேர்மையும், முடிவு எழுதுதலில் சொல்நேர்மையும் கூடியவிடத்தே, ஒரு கைப்பிடி நொய்யும் மெய் கூறும்.